மாத்திரை ஏழு நாள், குழப்பம் மூன்று மாதம்

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ். "அக்கா, முழிச்சிருக்கீங்களா? ஒரு ஃபிரெண்டுக்காகக் கேக்கறேன்." கூடவே ஒரு ரிப்போர்ட்டின் படம். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுத்திருந்தான். அந்தக் கையில் இருந்த மோதிரத்தை எனக்கு நன்றாகவே தெரியும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை போல. சரி, ஃபிரெண்டு என்றால் ஃபிரெண்டு.

நான் டாக்டர் இல்லை. நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்க்கிறவள், சாம்பிள் வாங்குவது முதல் ரிப்போர்ட் போவது வரை என் மேஜையைத் தாண்டித்தான் போகும். வைத்தியம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதை முதலிலேயே அவனிடமும் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று விஷயத்தில் ஜனங்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று ஒரு லேப்காரிக்கு நன்றாகத் தெரியும். மருந்தில் இல்லை, தேதியில்தான். சீக்கிரம் டெஸ்ட் எடுக்கிறார்கள், சீக்கிரம் மாத்திரையை நிறுத்துகிறார்கள், மறுபடி டெஸ்ட்டையும் சீக்கிரம் எடுத்துவிட்டுப் பதறுகிறார்கள்.

ரிப்போர்ட்டில் "கிளமிடியா டிராக்கோமாட்டிஸ்: டிடெக்டட்" என்று இருந்தது. குணமாகுமா என்று அவன் கேட்கவில்லை. கேட்ட முதல் கேள்வி: "இது எப்ப வந்ததுன்னு இதுல தெரியுமாக்கா?"

தெரியாது. எந்த லேபும் சொல்லாது. இந்தச் சோதனை செய்வது ஒன்றே ஒன்று, சாம்பிளில் அந்தக் கிருமியின் மரபணுத் துண்டு இருக்கிறதா என்று தேடிப் பெருக்கிப் பார்ப்பது. இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான். போன வாரம் வந்ததா, போன வருஷம் வந்ததா என்பதற்கு அதில் எந்தத் தடயமும் கிடையாது. மருந்து எடுக்காவிட்டால் இந்தத் தொற்று மாதக்கணக்கில் உடம்பில் தங்கும், ஒரு வருஷத்தையும் தாண்டும். தொற்று உள்ள பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் ஒரு அறிகுறியும் இருக்காது. எரிச்சல் இல்லை, சீழ் இல்லை, வலி இல்லை. அதனால் ஒரு வீட்டில் இருவரில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தவுடன் "அப்போ போன மாசம் வெளியூர் போனியே" என்று கணக்குப் போடுகிறவர்கள், அந்த ரிப்போர்ட்டால் சொல்லவே முடியாத ஒன்றை அதன் வாயில் திணிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் வந்ததாகவும் இருக்கலாம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதும் தெரியாது. அதற்காக டாய்லெட் சீட்டில் வந்தது, நீச்சல் குளத்தில் வந்தது என்று கதை கட்டவும் வேண்டாம். பெரியவர்களுக்குப் பிறப்புறுப்பில் வரும் கிளமிடியா உடலுறவு வழியாகத்தான் வருகிறது. எப்போது என்பதுதான் தெரியாது.

இவ்வளவு சத்தமில்லாமல் எப்படி இருக்கிறது என்றால், அது வாழ்கிற விதம் அப்படி. இதற்கு இரண்டு வேஷம். ஒன்று, சுமார் 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள கெட்டியான குட்டி உருண்டை. செல்லுக்கு வெளியே தாக்குப்பிடிக்கும், தொற்றும், ஆனால் பெருகாது. செல்லுக்குள் நுழைந்ததும் ஒரு சவ்வுப் பையைத் தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்டு, மூன்று மடங்கு ஊதி, தோல் மெலிந்து, அடுத்த வேஷத்துக்கு மாறும். அந்த வேஷத்தில் செல்லின் சரக்கைத் தின்றே பெருகும், வெளியே போனால் பிழைக்காது. இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கில் ஆனபின் எல்லாம் மறுபடி குட்டி உருண்டைகளாகி, செல்லை உடைத்தோ அப்படியே பையோடு நழுவியோ வெளியேறி அடுத்த செல்லைப் பிடிக்கும். இந்த இரண்டு மூன்று நாள் கணக்கை நினைவில் வையுங்கள், மாத்திரை பேச்சு வரும்போது வேண்டும்.

உயிருள்ள செல் இல்லாமல் வளராது என்பதால் மற்ற பாக்டீரியாக்கள் போல லேபில் தட்டில் ஊற்றி வளர்க்க முடியாது. இதனாலேயே 1960கள் வரை பல பேர் இதை வைரஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1907இல் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இரண்டு பேர் ஜாவா தீவில், டிராக்கோமா என்னும் கண்நோய் உள்ளவர்களின் இமையைச் சுரண்டி எடுத்ததை ஒராங்குட்டான் கண்ணில் தடவிப் பார்த்துத்தான் இதை முதலில் கண்டார்கள். சாயம் ஏற்றிய செல்லில், உட்கருவைச் சுற்றிப் போர்வை போர்த்தியது போல் நீலப் புள்ளிகள். போர்வைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது. அப்புறம் அரை நூற்றாண்டு கழித்து, 1950களில், பெய்ஜிங்கில் டாங் ஃபெய்ஃபான் என்பவர் கோழி முட்டைக் கருவில் இதை வளர்த்துக் காட்டினார். வளர்த்ததோடு விட்டாரா, தன் கண்ணிலேயே அதை ஊற்றிக்கொண்டு நோய் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. இந்தத் தைரியத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆமாம், கண்ணைக் குருடாக்கும் டிராக்கோமாவும் பிறப்புறுப்புத் தொற்றும் ஒரே இனக் கிருமிதான், வகை வேறு. ஏ முதல் சி வரை கண்ணுக்கு, டி முதல் கே வரை பிறப்புறுப்புக்கு, எல் வகை நிணநீர்க் கணுக்கள் வரை இறங்கி தொடையிடுக்கில் கட்டியும், ஆசனவாயில் புண்ணும் ரத்தமுமாகப் படுத்தும். ரிப்போர்ட்டில் 'டிராக்கோமாட்டிஸ்' என்ற சொல்லைக் கூகுளில் தேடிவிட்டு "ஃபிரெண்டுக்குக் கண்ணு போயிடுமா?" என்று கேட்டான். டிராக்கோமா என்பது சின்ன வயதில் திரும்பத் திரும்பத் தொற்றி, இமையின் உள்பக்கம் தழும்பேறி, இமை முடி உள்ளே திரும்பி விழியை உரசி உரசி வருஷக்கணக்கில் பார்வையைப் பறிப்பது. இவனுக்கு வந்திருப்பது வேறு கதை. அந்தத் தொற்றுள்ள கையோடு கண்ணைக் கசக்கினால் கண் சிவந்து பீளை கட்டும், அதுவும் மருந்தில் அடங்கும்.

இப்போது டெஸ்ட் பற்றி. இது என் ஏரியா, கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

தொற்று ஏற்பட வாய்ப்பான உறவு நடந்து மறுநாள் காலையிலேயே ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்கள். 'நெகட்டிவ்' வரும், நிம்மதியாகப் போவார்கள், அந்த நிம்மதிக்கு அர்த்தமே கிடையாது. கிருமி கண்டுபிடிக்கிற அளவுக்குப் பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் விட வேண்டும். அறிகுறி இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே போகலாம்.

அடுத்தது அந்த டப்பா. ஆண்களுக்குச் சிறுநீரிலேயே பார்த்துவிடலாம், ஆனால் வேண்டியது முதல் சிறுநீர், அதாவது போகத் தொடங்கியவுடன் வருகிற முதல் 20, 30 மில்லி. அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. ஏன் என்றால் கிருமி இருப்பது சிறுநீர்ப்பையில் இல்லை, வெளியே வரும் குழாயின் சுவர் செல்களில். முதல் பாய்ச்சல்தான் அந்தச் செல்களைக் கழுவிக்கொண்டு வரும். ஆனால் நம் ஜனங்களுக்கு வேறொரு டெஸ்டுக்காக, சுத்தம் செய்துவிட்டு, முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அது ரத்தத்தில் ஊறிவிட்டது. கிருமியை எல்லாம் டாய்லெட்டில் விட்டுவிட்டு, சுத்தமான நடுச் சிறுநீரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியைத் திருகினால் கையில் வழிகிற மாதிரி கொண்டுவந்து வைப்பார்கள். அவ்வளவு பொறுப்பாக நிரப்பியவரிடம் இது வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கொடுங்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பெண்களுக்குச் சிறுநீரை விட யோனியிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் ஸ்வாப்தான் நல்லது. அதை அவர்களே தனியறையில் எடுத்துக் கொடுத்தால் போதும், டாக்டர் எடுத்ததற்குக் குறைவில்லை. இது தெரியாமல் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டே தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர். தொண்டை வழி, ஆசனவாய் வழி உறவு இருந்திருந்தால் அங்கேயும் ஸ்வாப் எடுக்க வேண்டும், சிறுநீர் அந்த இடங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கேட்க டாக்டர்கள் கூச்சப்படுவார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் 'ஆன்டிபாடி' பார்த்துவிட்டு அலறுவதும் வேண்டாம், அது என்றோ வந்துபோன பழைய தொற்றையும் காட்டும். இப்போது இருக்கிறதா என்று சொல்ல உதவாது.

சோதனை என்றால் தெய்வ வாக்கு என்றும் நினைக்க வேண்டாம். 2006இல் ஸ்வீடனில் ஒரு பகுதியில் கிளமிடியா எண்ணிக்கை திடீரென்று குறைந்தது. பார்த்தால், பிரபலமான சில சோதனைகள் கிருமியின் பிளாஸ்மிட் என்ற மரபணுத் துண்டில் எந்த இடத்தைத் தேடினவோ, அந்த இடமே காணாமல் போன ஒரு வகை பரவியிருந்தது. நோய் குறையவில்லை, ஒளிந்துகொண்டது. அதற்கப்புறம் சோதனைகளில் ஒன்றுக்கு இரண்டு இடம் தேட ஆரம்பித்தார்கள்.

சரி, மாத்திரை. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஏழு நாள். முன்பெல்லாம் அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளை என்பதும் சரிசமமாக இருந்தது. ஆசனவாய்த் தொற்றில் அது பின்தங்குகிறது என்று தெரிந்தபின் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021 வழிகாட்டுதலில் டாக்ஸியை முதலிடத்தில் வைத்து, அசித்ரோவை மாற்று மருந்தாக்கியது. எல் வகைத் தொற்று என்றால் அதே டாக்ஸி 21 நாள். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸி கொடுப்பதில்லை, அவர்களுக்கு அசித்ரோமைசின் ஒரே வேளைதான் முதல் தேர்வு. வீட்டில் பாதி அட்டை அமாக்ஸிசிலின் கிடக்கிறதே என்று அதை எடுத்து விழுங்காதீர்கள். பென்சிலின் குடும்ப மருந்து பட்டால் இந்தக் கிருமி சாவதற்குப் பதில் வீங்கிப்போய் உறக்கத்துக்குப் போவதை லேபிலேயே பார்த்திருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் சில சமயம் மாற்றாகக் கொடுப்பது உண்டு, ஆனால் அது டாக்டர் முடிவு செய்து, பின்னால் மறுபடி சோதித்து உறுதிசெய்வது.

ஏன் ஏழு நாள்? முன்னால் சொன்ன இரண்டு மூன்று நாள் சுழற்சிதான். மருந்து பெருகுகிற வேஷத்தில் இருப்பதைத்தான் நன்றாக அடிக்கும், கெட்டி உருண்டையாக இருப்பதை ஒன்றும் செய்யாது. அது அடுத்த செல்லுக்குள் போய் வேஷம் மாறும்வரை மருந்து உடம்பில் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் நிறுத்தினால், சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கிறவன் தப்பித்துவிடுவான். "ஒரு தொந்தரவும் இல்லையே" என்று நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஐயா, தொடங்கும்போதே உங்களுக்குத் தொந்தரவு இல்லையே!

இந்த மாத்திரையை எப்படி விழுங்குவது என்பதை மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை. இரண்டாம் நாள் ராத்திரி ஃபிரெண்டுக்கு நெஞ்சுக்குள் தீ வைத்த மாதிரி வலி, ஹார்ட் அட்டாக்கோ என்று போன். விசாரித்தால், படுக்கையில் சாய்ந்தபடியே ஒரு வாய் தண்ணீரில் முழுங்கிவிட்டு அப்படியே தூங்கிவிட்டானாம். டாக்ஸி உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். முழு தம்ளர் தண்ணீர், உட்கார்ந்தோ நின்றோ, அப்புறம் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து இவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது, இடைவெளி விடுங்கள். அந்த ஒரு வாரம் வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிப்போகும். நெஞ்சுவலி என்றதும் அவனை டாக்டரிடம் அனுப்பிவிட்டேன், வாட்ஸ்அப்பில் நெஞ்சைப் பார்க்க முடியாது.

அடுத்த நாள் வந்த கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, அவளுக்குத் தெரியாம மாத்திரைய ஏதாச்சும் ஜூஸ்ல கலந்து குடுத்துடலாமா?"

அந்த இடத்தில் ஃபிரெண்டு காணாமல் போயிருந்தான். அதை அவனும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கலக்கவே கூடாது என்று மட்டும் கத்தினேன், போனில்தான். அவளுக்கு அந்த மருந்து ஒவ்வாமல் இருக்கலாம். கர்ப்பமாக இருக்கலாம். கூடவே வெட்டை நோயும் (கொனோரியா) இருந்தால் இந்த மாத்திரை அதற்குப் போதாது, ஊசி வேண்டியிருக்கும், சிஃபிலிஸும் ஹெச்ஐவியும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அது அவள் உடம்பு.

அவளுக்குத்தான் இதில் அதிக நஷ்டம் வரக்கூடும். கிருமி கருப்பை வாயிலிருந்து மேலே ஏறி, கருப்பை, கருக்குழாய் எல்லாம் அழற்சியாகி, குழாய்க்குள் தழும்பு விழும். அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது வலி என்று சிலருக்குத் தெரியும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. பல வருஷம் கழித்துக் குழந்தை நிற்கவில்லை என்று போகும்போதோ, கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்போதோதான் வெளிச்சத்துக்கு வரும். மாத்திரை கிருமியைக் கொல்லும், விழுந்த தழும்பை அழிக்காது. தொற்று வந்த எல்லாருக்கும் இப்படி ஆகிவிடாது, பெரும்பாலோருக்கு ஆகாது. ஆனால் திரும்பத் திரும்ப வந்தால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். ஆண்களுக்கு விதைப்பை வீங்கி வலிக்கலாம், சிலருக்கு முழங்கால், கணுக்கால் மூட்டு வீங்குவதும் உண்டு. பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் கண்ணில் சீழ் கட்டும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் நிமோனியாவாகவும் வரும். பிறந்ததும் விடுகிற கண் மருந்தை நம்பி இருக்க முடியாது, தாய்க்கு முன்பே சோதித்து மருந்து கொடுப்பதுதான் வழி.

இதெல்லாம் சொன்னபின் ஐந்து நிமிஷம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தது: "எப்படிக்கா சொல்றது?"

எனக்கென்ன தெரியும், நான் லேப்காரி. ஆனாலும் சொன்னேன்: குற்றப்பத்திரிகை மாதிரி ஆரம்பிக்காதே, ரிப்போர்ட்டில் தேதி இல்லை என்பதை நீயும் நினைவில் வை, அவளுக்கும் சொல். எனக்கு இப்படி வந்திருக்கிறது, உனக்கும் இருக்கலாம், வெளியே தெரியாது, ஒரு டெஸ்ட், ஒரு வார மாத்திரை என்று விஷயத்தை மட்டும் சொல். நேரே சொல்ல வாய் வராவிட்டால் டாக்டர் முன்னால் இரண்டு பேரும் உட்காருங்கள். கடந்த 60 நாளில் உறவு வைத்திருந்த எல்லாருக்கும் தகவல் போக வேண்டும் என்பது பொது விதி. அப்படி யாரும் இல்லை என்றால் கடைசியாக உறவு வைத்திருந்தவருக்கு. அதையும் சொன்னேன். அந்த வரிக்கு மட்டும் பதில் வரவில்லை, நானும் தோண்டவில்லை.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, இருவருடைய ஏழு நாளும் முடியும்வரை உறவு கூடாது. ஒரே வேளை மருந்து எடுத்தவர்களுக்கும் அதே ஏழு நாள்தான், விழுங்கியாயிற்று என்று அன்றைக்கே கிளம்பக் கூடாது. ஒருவர் முடித்து, மற்றவர் முடிக்காமல் இருந்தால் பந்து மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்கிற எதிர்ப்பு சக்தியும் இதற்கு நிலைப்பதில்லை, மனிதர்களுக்குத் தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. ஆணுறை நன்றாகக் காப்பாற்றும்.

அப்புறம் பத்தாம் நாள் ஒருவர் வந்து நின்றார் (இது வேறு ஆள்), மாத்திரை முடிந்தது, சரியாகிவிட்டதா என்று பார்க்கணும் என்று. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வேறெங்கோ போய் எடுத்து, பாசிட்டிவ் வந்து, மருந்து கேட்காத கிருமி என்று முடிவுகட்டி, இன்னொரு ஆன்டிபயாடிக் தின்று, வயிறு கெட்டு வந்தார். செத்த கிருமியின் மரபணுத் துண்டுகள் மூன்று நான்கு வாரம் வரை அங்கேயே கிடக்கும், சோதனைக்குச் செத்ததும் உயிரோடு இருப்பதும் ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கு நான்கு வாரம் கழித்து ஒருமுறை பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு அது தேவையே இல்லை, மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும். அதுவும் மருந்து வேலை செய்ததா என்பதற்காக இல்லை, மறுபடி தொற்றியிருக்கிறதா என்பதற்காக. இந்தக் கிருமி டாக்ஸிக்கு அடங்காமல் நிற்பது மிக மிக அபூர்வம், திரும்ப வந்தால் பெரும்பாலும் திரும்பத் தொற்றியதுதான்.

போன வாரம் மறுபடி மெசேஜ். மூன்று மாதம் ஆகியிருந்தது, தேதியைச் சரியாகப் பிடித்திருந்தான். இந்த முறை இரண்டு ரிப்போர்ட், இரண்டிலும் 'நாட் டிடெக்டட்'. ஒன்றில் பெயரை மறைத்திருந்தது அதே கட்டைவிரல், இன்னொன்றில் நகப்பூச்சு போட்ட வேறொரு விரல். ஃபிரெண்டு தேங்க்ஸ் சொல்லச் சொன்னான் என்று இருந்தது. எனக்கு வேறு ஒரு சந்தேகம், கேட்டுவிட்டேன்: "முதல் சிறுநீர்தானே குடுத்தான், நடுவுல பிடிக்கலையே?"

"ஆமாக்கா, ஃபிரெண்டு முதல்லயே பிடிச்சுட்டானாம். டப்பாவ நிரப்பக் கூட இல்லையாம்."